பாராயணத்தின் நடுவே பாட்டி கூப்பிட்டால்?

காலை ஐந்தரை மணிக்கு எங்கள் வீவக வீட்டில் மூன்று சத்தங்கள் கேட்கும். சமையலறையில் குக்கர் விசில். பாட்டியின் அறையில் வாக்கர் தரையில் உரசும் ஓசை. கூடத்தின் மூலையில், சுவரில் பொருத்திய சாமி மாடத்துக்கு முன்னால் என் குரல்.

அந்த மூன்றாவது சத்தம் சென்ற ஆண்டுதான் புதிதாகச் சேர்ந்தது. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு தொடங்கிய சமயம். படிப்பு, பகுதிநேர வேலை, குழு ஒப்படைப்புகள் என்று மனம் எதிலும் நிலைக்காமல் ஓடிக்கொண்டிருந்தது. கந்த சஷ்டி கவசத்தை ஒரு மண்டலம், அதாவது 48 நாள், விடாமல் சொல்வது என்று முடிவெடுத்தேன். ஐப்பசியில் வரும் சூரசம்ஹாரத்தன்று 48வது நாள் முடியும்படி பின்னோக்கி எண்ணி, செப்டம்பரில் தொடங்கினேன். சஷ்டி முடிந்து இரண்டு, மூன்று வாரங்களில் தேர்வு. வேண்டுதலும் அதைப் பற்றியதுதான், மறைப்பதற்கில்லை.

கவசத்தை நிதானமாகச் சொன்னால் ஏறக்குறைய இருபது நிமிடம் ஆகும். சூலமங்கலம் சகோதரிகளின் குரலில் சிறு வயதிலிருந்து கேட்டு வந்ததால் ராகம் எனக்குத் தெரியும். சொற்கள்தான் தெரியாது. தொடக்கப்பள்ளியில் படித்தபோது ஆங்கில எழுத்தில் அச்சிட்ட தாளைப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன். அந்தத் தாளில் ‘ழ’வும் ‘ள’வும் ஒன்று, ‘ன’வும் ‘ண’வும் ஒன்று. இந்த முறை தமிழ்ப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டேன்.

தேவராய சுவாமிகள் இயற்றிய இந்தக் கவசத்தின் ஒரு பகுதி மனித உடம்பைத் தலை முதல் கால் வரை வரிசையாகச் சொல்லி, ஒவ்வோர் உறுப்பையும் வேல் காக்கட்டும் என்று கேட்கிறது. நெற்றி, கண், செவி, நாசி, பல், நாக்கு, கன்னம் என்று இறங்கிக்கொண்டே போகும். ‘பிடரி’ என்றால் கழுத்தின் பின்புறம் என்பதை நான் தமிழ் வகுப்பில் படித்ததில்லை. ‘பழு’ என்ற சொல்லைப் பல ஆண்டுகளாகப் பழம் என்றுதான் நினைத்திருந்தேன். அகராதியைப் பார்த்தபோது அது விலா எலும்பு! உயர்நிலைப் பள்ளியில் சொல்வளத் தேர்வுக்கு இதை மனப்பாடம் செய்யச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று என் தோழியிடம் சொன்னேன். அவள் உயிரியல் மாணவி. “உங்கள் பாட்டில் கல்லீரல் உண்டா?” என்று கேட்டாள்.

31வது நாள்

எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்பா பேருந்து ஓட்டுநர். காலைப் பணி என்றால் நான்கு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவார். அம்மா பாலர் பள்ளி ஆசிரியை. ஆறரை மணிக்கு வீட்டைவிட்டுப் புறப்பட வேண்டும். தம்பி உயர்நிலை இரண்டில் படிக்கிறான். அவனை எழுப்புவதே தனி வேலை. பாட்டிக்கு 81 வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்ததில் இடது கையும் காலும் பலவீனமாகிவிட்டன. எட்டு மணிக்கு முதியோர் பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தின் வேன் வந்து அழைத்துப் போகும். அதுவரை யாராவது ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். பணிப்பெண் வைத்துக்கொள்ளவில்லை.

நான் பாராயணம் தொடங்குவதற்கு முன் காலை வேளையில் பாட்டியைக் கழிவறைக்கு அழைத்துப் போவது என் பொறுப்பு. மண்டலம் தொடங்கியதும் அது யார் பொறுப்பாக மாறியது என்று நான் யோசிக்கவே இல்லை. அந்த இருபது நிமிடத்தில் வீட்டில் நடப்பதெல்லாம் எனக்குச் சம்பந்தமில்லாதவை ஆகிவிட்டன. “பாப்பா சாமி கும்பிடுது” என்று அம்மா தம்பியை அடக்குவது காதில் விழும். உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும்.

31வது நாள் பாட்டி என்னைக் கூப்பிட்டார். முதலில் மெதுவாக, பிறகு சற்றுச் சத்தமாக, “பாப்பா, பாப்பா” என்று. நான் பாதியைத் தாண்டியிருந்தேன். நடுவில் எழுந்தால் அந்த நாள் கணக்கில் சேராது, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று எங்கோ கேட்டது மனத்தில் இருந்தது. அதனால் நான் என் குரலை உயர்த்தினேன். நான் பாராயணத்தில் இருக்கிறேன் என்று அம்மாவுக்குத் தெரிய வேண்டுமல்லவா? இதை எழுதும்போதும் கூச்சமாக இருக்கிறது.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடிய சத்தம் கேட்டது. நான் மீதியைச் சொல்லி முடித்து, கற்பூரம் காட்டி, திருநீறு பூசிக்கொண்டுதான் எழுந்தேன். கழிவறை வாசலில் அம்மா தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாட்டி தானாக எழுந்து போக முயன்றிருக்கிறார். கதவு வரைதான் முடிந்திருக்கிறது. விழவில்லை. ஆனால் புடவை நனைந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும், “சாமி கும்பிடுற புள்ளையக் கூப்பிடலாமா? என் தப்புதான்” என்றார்.

அம்மா என்னைத் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். “நேரமாச்சு, நீ கிளம்பும்மா” என்றார். அவ்வளவுதான்.

அன்று பெருவிரைவு ரயிலில் நின்றுகொண்டே போனபோது, நெற்றியில் இருந்த திருநீற்றைத் துடைத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

கோயில் வேறு, வீடு வேறு

ஞாயிற்றுக்கிழமை நான் தேவார வகுப்புக்குப் போவதுண்டு. கோயில் மண்டபத்தில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருப்போம். பாதிப்பேர் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள். கற்றுத் தரும் ஓதுவார் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். வகுப்பு முடிந்ததும் அவரிடம் போய், நடந்ததைச் சொல்லாமல், “ஐயா, பாராயணத்துக்கு நடுவில் எழுந்தால் அது கணக்கில் சேருமா?” என்று மட்டும் கேட்டேன்.

“யாரும்மா கூப்பிட்டாங்க?” என்றார் அவர்.

முழுவதையும் சொல்ல வேண்டியதாயிற்று. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “கோயில்ல பூசை நடுவுல நாங்க எழுந்து போறதில்ல. அதுக்கு ஆகமம் இருக்கு, அதுக்குன்னே ஆள் இருக்கு. நீ இருக்கறது வீடு” என்றார். பிறகு நேச நாயனார் கதையைச் சொன்னார்.

சேக்கிழாரின் பெரியபுராணத்தில் வரும் 63 நாயன்மார்களில் நேசர் அதிகம் பேசப்படாதவர். அவர் கதையில் அற்புதம் இல்லை, அரசன் இல்லை, சோதனை இல்லை. சில பாடல்களிலேயே முடிந்துவிடும். அவர் ஒரு நெசவாளர். மனத்தைச் சிவன் திருவடியிலும், வாக்கை ஐந்தெழுத்திலும், கையைத் தறியிலும் வைத்து, நெய்த துணியை அடியார்களுக்குக் கொடுத்தார். அதுதான் முழுக் கதையும். தறியை நிறுத்திவிட்டு அவர் செபிக்கவில்லை, செபத்தை நிறுத்திவிட்டுத் தறியில் உட்காரவும் இல்லை.

அந்தப் பட்டியலை நினைத்துப் பார்த்தால், நாயன்மார்களில் பலர் குடும்பம் நடத்தியவர்கள். திருநீலகண்டர் குயவர், அதிபத்தர் மீனவர், திருக்குறிப்புத்தொண்டர் துணி வெளுத்தவர். சுந்தரர் குண்டையூரில் கிடைத்த நெல்லைத் திருவாரூரில் இருந்த பரவையாரின் வீட்டுக்குக் கொண்டுசேர்க்க ஆள் வேண்டுமென்று திருக்கோளிலி இறைவனிடம் பதிகமே பாடியிருக்கிறார். வீட்டில் அரிசி இல்லை என்பதும் தேவாரத்தில் பாடுவதற்குரிய பொருளாக இருந்திருக்கிறது. (இன்றைய உணவு விநியோகச் செயலிகளுக்கெல்லாம் முன்னோடி என்று வகுப்பில் ஒரு சிறுவன் சொன்னான். ஓதுவாரே சிரித்துவிட்டார்.)

ஆனால் வீடு திரும்பும் வழியில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ‘வேலை செய்துகொண்டே சொன்னால் போதும்’ என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை நாம் யாரிடம் சொல்கிறோம்? அம்மா அப்படித்தான் இருக்கிறார். வெங்காயம் உரிக்கும்போது உதடு அசையும். ரயிலில் கண்ணை மூடி ‘ஓம் நமசிவாய’ சொல்வார். அவர் சாமி மாடத்துக்கு முன்னால் உட்கார்ந்து நான் கடைசியாகப் பார்த்தது எப்போது?

இளையான்குடி மாறனார் கதையிலும் இப்படி ஓர் இடம் உண்டு. மழை கொட்டும் இரவில் அடியார் ஒருவர் வருகிறார். வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை. பகலில் விதைத்த நெல்லை வாரிக்கொண்டு வரலாம் என்று யோசனை சொல்வது அவர் மனைவி. கணவர் அறுத்த கூரைக் கழியை விறகாக்கி, பக்குவமாகாத கீரையைச் சமைத்து, விருந்தாக்கித் தருவதும் அவர்தான். நாயனாராக நாம் வணங்குவது கணவரை. மனைவியின் பெயரைப் பெரியபுராணம் சொல்வதில்லை.

நண்பர்கள் என்ன செய்கிறார்கள்?

இதைப் பற்றிச் சில நண்பர்களிடம் பேசினேன். தேசிய சேவையில் இருக்கும் ஒருவன் சட்டைப் பையில் சிறிய கவசப் புத்தகம் வைத்திருக்கிறான். விளக்கு அணைத்தபின் போர்வைக்குள் மனத்துக்குள்ளேயே சொல்வானாம். பக்கத்துக் கட்டில் மலாய் நண்பன் அதிகாலைத் தொழுகைக்கு எழும்போது இவனையும் எழுப்பிவிடுவதால் தாமதமானதே இல்லை என்றான். பல்துறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் தோழி, தினமும் 108 முறை ‘ஸ்ரீராமஜெயம்’ எழுதுகிறாள். அவள் வீட்டில் அம்மா மட்டும்தான். எழுதுவதென்றால் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோய் மறுபடி தொடரலாம், அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன் என்றாள். எனக்கு இது தோன்றவே இல்லை.

இன்னொருவன் தனக்குக் கடவுள் நம்பிக்கை இருக்கிறதா என்றே தெரியவில்லை என்றான். இருந்தும் சனிக்கிழமைகளில் அப்பாவோடு உட்கார்ந்து விஷ்ணு சகஸ்ரநாமம் சொல்கிறான். “ஆயிரம் பெயர் சொல்லி முடிக்கும் வரை அப்பா கைப்பேசியைத் தொடமாட்டார். வாரத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து இருப்பது அப்போதுதான்” என்றான். அது பக்தியா இல்லையா என்று நான் விவாதிக்கவில்லை.

எல்லாருமே நேரத்தைப் பற்றித்தான் பேசினார்கள். அமைதியான இருபது நிமிடம் ஒரு வீட்டில் தானாகக் கிடைப்பதில்லை. யாரோ ஒருவர் அதை விட்டுக்கொடுக்கிறார்.

நான் என்ன செய்தேன் என்று கேட்கலாம். மண்டலத்தை நிறுத்தவில்லை. நான்கரைக்கு எழுந்து, பாட்டி விழிப்பதற்குள் முடித்துவிட முயன்றேன். மூன்று நாள் முடிந்தது, நான்காம் நாள் விரிவுரையில் தூங்கிவிட்டேன். பிறகு பழைய நேரத்துக்கே வந்து, சாமி மாடத்துக்கு முன்னால் உட்காராமல் பாட்டி அறை வாசலில் உட்கார்ந்துகொண்டேன். கூப்பிட்டால் எழுவேன், திரும்பி வந்து விட்ட இடத்தில் தொடர்வேன். ஒழுங்கு குலையத்தான் செய்தது. ஒரே நாளில் மூன்று முறை எழுந்ததும் உண்டு, எரிச்சல் பட்டதும் உண்டு. 31வது நாளை மட்டும் நான் கணக்கில் சேர்க்கவில்லை. எனக்கு அது 47 நாள்தான்.

சூரசம்ஹாரத்தன்று டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயிலுக்கு அப்பா, தம்பியோடு போனேன். அந்தக் கூட்டத்தில் பாட்டியை வாக்கரோடு அழைத்துப் போக முடியாது. அதனால் அம்மா வீட்டில் இருந்துவிட்டார். முந்தைய ஆண்டும் அப்படித்தான் இருந்திருக்கிறார், நான் கவனித்ததில்லை. திரும்பி வந்து திருநீறு கொடுத்தபோது, “நல்லாப் பார்த்தியா?” என்று ஆசையாகக் கேட்டார்.

அதன் பிறகு வீட்டில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். சனிக்கிழமை காலை ஏழிலிருந்து எட்டு வரை அம்மாவை யாரும் கூப்பிடக்கூடாது. பாட்டி என் பொறுப்பு, தோசைக்கல் தம்பியின் பொறுப்பு. முதல் சனிக்கிழமை அம்மா சாமி மாடத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டு ஐந்து நிமிடத்தில் எழுந்து வந்தார். “உட்காரவே வரலை, எதையோ மறந்த மாதிரி இருக்கு” என்றார். திருப்பி அனுப்பினோம். இப்போது முழு ஒரு மணி நேரமும் உட்கார்கிறார். சில நாள் தேவாரம் கேட்கும், சில நாள் ஒன்றும் கேட்காது. தூங்குகிறாரோ என்று தம்பி எட்டிப் பார்ப்பான். அப்படித் தூங்கினாலும் பரவாயில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தம்பியின் தோசையைப் பற்றி எதுவும் சொல்வதற்கில்லை.

அந்த நேரத்தில் நான் பாட்டியைக் குளிப்பாட்டுகிறேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, வெந்நீரை அளவு பார்த்து ஊற்ற வேண்டும். தொடக்கத்தில் இருவருக்குமே சங்கடமாக இருந்தது. அந்தச் சங்கடத்தைப் போக்கத்தான் ஒருநாள் கவசத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். நெற்றி, கன்னம், தோள், பிடரி, முதுகு என்று பாட்டு போகும் வரிசையிலேயே என் கையும் போனது. பலவீனமான இடது கை வந்தபோது பாட்டியே வலது கையால் அதைத் தூக்கிக் கொடுத்தார். பாட்டிக்குச் சென்ற வாரம் வந்த விருந்தினரின் பெயர் நினைவில் இருக்காது. கவசம் மட்டும் முழுதாக இருக்கிறது.

போன சனிக்கிழமை அவசரமாகத் துண்டை எடுத்துத் துடைக்கத் தொடங்கினேன். பாட்டி என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“கணைக்காலை விட்டுட்டியே, பாப்பா.”