ஸ்பீக்கர் இரண்டு, ஆம்பிளிஃபயர் தனி

1978-இல் வெளிவந்த ‘பிரியா’ படப் பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவானவை. இசையமைத்த இளையராஜாவின் பண்ணைப்புரம், நம் போடிநாயக்கனூர் இருக்கும் அதே தேனி மாவட்டத்து ஊர். அந்தப் பாடல்களை ஒற்றை ஸ்பீக்கரில் கேட்டால் பாதி அழகு போய்விடும். இடம், வலம் இரண்டும் வேண்டும். சின்ன வீட்டுக்கு அலமாரியில் வைக்கும் சிறிய ஸ்பீக்கர் ஜோடி போதும்.

இவற்றில் ‘பாசிவ்’ வகைப் பெட்டிக்குள் ஆம்பிளிஃபயர் கிடையாது. தனியாக வாங்கி வயரால் இணைக்க வேண்டும். பின்புறம் 4 ஓம் அல்லது 8 ஓம் என்று போட்டிருக்கும். ஆம்பிளிஃபயர் அதற்கு ஒத்துவருமா என்று கேட்டு வாங்குங்கள். சிவப்பு முனைக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒரு பெட்டியில் மட்டும் மாறிப்போனால் இரண்டின் கூம்புகளும் எதிரெதிராக அசையும். பேஸ் மெலிந்துவிடும், பாடுபவரின் குரல் நடுவில் நிற்காது. ‘ஸ்பீக்கர் சரியில்லை’ என்று கடைக்குத் தூக்கிப் போகும் முன் இதைப் பாருங்கள்.

இரண்டு பெட்டிகளும் நீங்களும் சமபக்க முக்கோணமாக இருக்க வேண்டும். கீச்சொலி தரும் சின்னக் கூம்பான ட்வீட்டர் காது உயரத்தில்.

போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஒன்று. பழைய ஸ்பீக்கர் வாங்கினால் கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தை மெல்லத் தொட்டுப் பாருங்கள். ஃபோம் என்றால் ஈரக்காற்றில் நாளடைவில் பொடிந்து உதிரும். ரப்பர் அதைவிட நெடுநாள் தாங்கும். மரத்தூள் பலகைப் பெட்டியில் ஈரம் ஏறினால் ஓரம் உப்பிவிடும். மழை ஊறும் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். ஃபோம் உதிர்ந்துவிட்டாலும் ஸ்பீக்கரைத் தூக்கி எறிய வேண்டாம். வளையத்தை மட்டும் மாற்றி ஒட்டிக்கொள்ளலாம்.