பனியன் கப்பலேறியது, உப்பு?

சாம்பாரில் ஒரு கை உப்புக் கூடிவிட்டால் வீட்டில் என்ன ரகளை நடக்கும் என்பது நம் சகோதரிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டு உருளைக்கிழங்கைப் போட்டு, இன்னும் கொஞ்சம் ஜலம் விட்டு எப்படியோ சமாளித்து விடுவீர்கள். ஓர் ஆற்றிலே உப்புக் கூடிவிட்டால்?

திருப்பூர் வழியாக ஓடும் நொய்யலுக்கு அந்தக் கதிதான் நேர்ந்தது. வெள்ளியங்கிரி மலைப் பக்கம் பிறந்து, கோவையைத் தொட்டு, கரூர் ஜில்லாவில் காவிரியோடு கலக்கும் ஆறு அது.

சாயப் பட்டறை என்றதும் சிவப்பும் நீலமுமாக ஓடும் சாக்கடைதான் நம் கண் முன் வரும். நிறம் அகப்பட்டுக்கொண்ட திருடன். அகப்படாத ஆசாமி உப்பு! பருத்தித் துணியும் சாயமும் தண்ணீருக்குள் ஒன்றையொன்று முகம் கொடுத்துப் பார்க்காது. சில வீட்டு மாமியார் மருமகள் மாதிரி. நடுவே மத்தியஸ்தம் செய்து சேர்த்து வைப்பது உப்பு. சேர்த்து வைத்தபின் மத்தியஸ்தருக்கு அங்கே இடமில்லை; போட்ட உப்பு அவ்வளவும் அலசிய ஜலத்தோடு வெளியே வந்துவிடும். கறுப்பு, கருநீலம் போன்ற அடர்ந்த நிறங்களுக்கு லிட்டருக்கு 60 கிராமுக்கு மேலும் உப்புப் போடுவதுண்டு. கடல் ஜலத்திலேயே லிட்டருக்கு 35 கிராம்தானே!

சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் 1992-ல் நொய்யலின் குறுக்கே ஓர் அணை கட்டினார்கள். சுமார் 20,000 ஏக்கருக்குப் பாசனம் தருவது நோக்கம். மேலே திருப்பூரிலோ பனியன் ஏற்றுமதி அமோகமாக வளர்ந்துகொண்டிருந்த சமயம். அணையில் வந்து தேங்கியது சாயக் கழிவுதான். "அணையைத் திற!" என்று விவசாயிகள் கேட்பதைத்தான் நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே, "திறக்காதே!" என்று மன்றாடினார்கள். சுற்றுப்புறக் கிணறுகள் உவர்ப்பேறின. நல்ல தண்ணீருக்காகக் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தது யார் என்று நான் சொல்ல வேண்டுமா, என்ன?

திருப்பூருக்கே நல்ல ஜலம் இல்லை. கிராமத்துக் கிணறுகளிலிருந்து லாரி லாரியாக விலைக்கு வாங்கியது போதாமல், பிற்பாடு 50 கிலோமீட்டருக்கு அப்பால் பவானிப் பக்கத்திலிருந்து குழாயில் கொண்டுவந்தார்கள்.

ஒரு பருத்திச் சட்டைக்கு, வயலில் விதைத்தது முதல், சுமார் 2,700 லிட்டர் ஜலம் செலவாகிறது என்று ஒரு மதிப்பீடு. சரக்குக்குள் ஒளிந்து ஜலமும் தேசம் விட்டு தேசம் போகிறது என்று எடுத்துக் காட்டிய லண்டன் பேராசிரியர் டோனி ஆலனுக்கு 2008-ல் ஸ்டாக்ஹோம் நீர்ப் பரிசு கிடைத்தது. நொய்யல் கரைக்காரருக்கு லிட்டர் கணக்கை விடப் பெரிய கவலை வேறு. பனியன் கப்பலேறிப் போய்விடுகிறது. உப்பு ஊரிலேயே தங்கிவிடுகிறதே!

விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவும் ஆற்றில் விடக் கூடாது என்று 2006 டிசம்பரில் சென்னை ஹைகோர்ட் சொல்லிற்று. 2009-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை ஆமோதித்தது. அப்படியும் கழிவு நின்றபாடில்லை. 2011 ஜனவரியில் எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளை ஒரேயடியாக மூட உத்தரவாயிற்று. நியாயமான தீர்ப்புத்தான். ஆனால் வாரக் கூலியை நம்பி அடுப்பு மூட்டிய குடும்பங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆற்றை வருஷக்கணக்கில் கெட விட்டதற்கு அவர்களா பொறுப்பு?

பட்டறைகள் மறுபடி திறந்தபோது சுத்திகரிப்பு ஏற்பாட்டோடுதான் திறக்க முடிந்தது. கழிவு நீரை மெல்லிய சவ்வின் வழியே அழுத்தி நல்ல ஜலத்தைப் பிரிக்கிறார்கள். மிச்சத்தை, நாம் ரசத்தைச் சுண்ட வைப்பதுபோல, காய்ச்சி வற்ற வைக்கிறார்கள். தேறிய உப்பும் ஜலமும் மறுபடி சாயத்தொட்டிக்கே போகின்றன. இதற்கு ஆகும் கரண்ட் செலவும் எரிபொருள் செலவும் லேசுப்பட்டதல்ல.

எல்லா உப்பும் தேறிவிடுவதில்லை. பலவித உப்பும் அழுக்கும் கலந்த கசடு ஒன்று மிஞ்சுகிறது. சாயத்துக்கும் உதவாது, வயலுக்கும் ஆகாது. அதை மூட்டை கட்டி, மழை படாமல் கூரையின் கீழ் அடுக்கி வைத்திருக்கிறார்கள்.