பதினைந்து வயதைக் குறிவைத்து

புனேவின் ஹடப்சரில் அமனோரா மாலும் சீசன்ஸ் மாலும் சாலையின் இருபுறமும் எதிரெதிரே நிற்கின்றன. விடுமுறை நாள் மாலையில் பத்தாவது, பதினொன்றாவது படிக்கும் பிள்ளைகள் அங்கே கூட்டமாக வருகிறார்கள். வாங்குவது குறைவு. ஷூ கடைக் கண்ணாடி முன் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் ஏற்றிவிட்டு, யார் லைக் போட்டார்கள் என்று அடுத்த நிமிடமே எடுத்துப் பார்க்கிறார்கள். வெளியே வந்தால், நீட், ஜேஇஇ பயிற்சி மையங்களின் பலகைகளில் இவர்கள் வயதுப் பிள்ளைகளே ரேங்க்கோடு சிரிக்கிறார்கள்.

நன்றாகப் படிக்கிற பிள்ளை விளம்பரத்தில் மட்டும் எப்படி மயங்குகிறது என்று பெற்றோர் கேட்பதுண்டு. அறிவுக் குறைவு காரணமல்ல. விளம்பரத்தின் நோக்கம் விற்பனை என்று பதினைந்து வயதில் நன்றாகவே தெரியும். ஆனால் மூளையில் வெகுமதிக்குத் துள்ளும் பகுதிகள் அந்த வயதில் மும்முரமாக இருக்கின்றன. நிதானிக்க வைக்கும் முன்மூளைப் புறணி முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடுகிறது. ‘நான் யார், யாரோடு சேர்ந்தவன்’ என்ற தேடலை இளமைப் பருவத்தின் மையச் சிக்கல் என்றார் உளவியலாளர் எரிக் எரிக்சன். விளம்பரம் அந்தத் தேடலுக்குக் கடையில் கிடைக்கும் விடையைக் காட்டுகிறது.

லாஸ் ஏஞ்சல்ஸின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட சோதனை இந்த வெகுமதித் துள்ளலைத் தெளிவாகக் காட்டியது. பதின்வயதினரை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, இன்ஸ்டாகிராம் போன்ற திரையில் படங்களைக் காட்டினார்கள். ஒரே படத்துக்குச் சிலருக்கு நிறைய லைக், சிலருக்குக் குறைவு. எண்ணிக்கையை வைத்தது ஆய்வாளர்களே. நிறைய லைக் இருந்த படத்துக்கே பிள்ளைகளும் அதிகமாக லைக் போட்டார்கள். தங்கள் சொந்தப் படத்துக்கு லைக் குவிந்திருந்தபோது மூளையின் வெகுமதிப் பகுதி கூடுதலாகக் கிளர்ந்தது. இன்று விளம்பரங்கள் வந்து உட்காருவது இந்த லைக்குகளுக்கு நடுவேதான்.

தேடலுக்குக் கடைப்பொருளை விடையாகக் காட்டும் இந்த உத்தியின் கொடுமையான முகத்தை நம் நாட்டிலேயே பார்த்திருக்கிறோம். 1975இல் ஃபேர் அண்ட் லவ்லி என்ற சிவப்பழகு கிரீம் வந்தது. அதன் விளம்பரம் ஒன்றில் கிரிக்கெட் வர்ணனையாளராக ஆசைப்படும் மாநிறப் பெண், கிரீம் பூசி நிறம் மாறிய பிறகு மைக் பிடிக்கிறாள். திறமை அவளிடம் முதலிலேயே இருந்தது. தோலுக்குத்தான் மதிப்பெண் போட்டார்கள். 2005இல் வேறொரு நிறுவனத்திடமிருந்து ஆண்களுக்கும் தனி கிரீம் வந்தது. சென்னையைச் சேர்ந்த ‘விமன் ஆஃப் வொர்த்’ அமைப்பு 2009இல் ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ இயக்கத்தைத் தொடங்கியது. கறுத்தவர்களைத் தாழ்ந்தவர்களாகக் காட்டக் கூடாது என்று இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2014இல் நெறிமுறை வகுத்தது. 2020இல் ஃபேர் அண்ட் லவ்லியின் பெயர் குளோ அண்ட் லவ்லி என்று மாறியது. அந்த நாற்பத்தைந்து ஆண்டுகளில் எத்தனை பிள்ளைகள் கண்ணாடியைப் பார்த்துக் கூனிக் குறுகியிருப்பார்கள்!

2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டோரின் நடத்தையைக் கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதையும் தடை செய்யும் விதியைக் கொண்டிருக்கிறது. நல்ல சட்டம். ஆனால் சாலையோரப் பலகைக்கு அது பொருந்தாது.

சட்டத்தைவிட எனக்கு அதிக நம்பிக்கை தருவது, டெக்சாஸில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வு. ‘நொறுக்குத்தீனி உடம்புக்குக் கெடுதல்’ என்ற வழக்கமான பாடத்துக்குப் பதிலாக, உணவு நிறுவனங்கள் பிள்ளைகளை எப்படி ஏமாற்றுகின்றன என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. பிறகு விளம்பரப் படங்களின் மேலேயே கிறுக்கி, பொய்யை அடித்து உண்மையை எழுதச் சொன்னார்கள். அதன்பின் பள்ளி கேன்டீனில் பையன்கள் வாங்கும் நொறுக்குத்தீனி குறைந்தது. மூன்று மாதம் வரை அந்த மாற்றம் நீடித்தது. பெரியவர்கள் தங்களை ஏய்ப்பதை அந்த வயது பொறுத்துக்கொள்ளாது. அந்த ரோஷத்தைத்தான் ஆய்வாளர்கள் பயன்படுத்தினார்கள்.

ஆகவே பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை ஒரு விளம்பரத்தைக் காட்டி ‘இது வேணும்’ என்றால் உடனே விலையைப் பேசாதீர்கள். அந்தப் படத்தைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்து, ஒரு பேனாவையும் கொடுங்கள்.