சமையல்காரர் கையில் கரண்டி, சாவி யார் கையில்?
அமெரிக்க அதிபரின் வெளியுறவுக் கொள்கை எப்படி இயங்குகிறது?

அமெரிக்க அதிபர் நட்பு நாடு ஒன்றோடு முறைத்துக்கொண்டார் என்று செய்தி வந்ததும் இரண்டு விதமான பேச்சு கிளம்பும். “அவர் நினைத்தால் நாளைக்கே நேட்டோவை உதறிவிடுவார்” என்பார் ஒருவர். “யார் அதிபரானாலும் அமெரிக்கா மாறாது” என்பார் இன்னொருவர். இரண்டுமே பாதி உண்மைதான். அதிபர் எதைத் தனியாகச் செய்யலாம், எங்கே அவரைத் தடுக்கலாம் என்பது தெரிந்தால்தான் இந்த விவாதத்துக்குப் பொருள் இருக்கும். புரிவதற்கு ஒரு பொதுச் சமையலை நினைத்துக்கொள்வோம்.

ஆற்றோரத்தில் ஒரு தெரு. எந்த வீட்டில் வெள்ளம் புகுந்தாலும் எல்லா வீடுகளும் சேர்ந்து அந்த வீட்டுக்குச் சமைத்துப் போட வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பெரிய அண்டாவும் கோட்டை அடுப்பும் இருப்பது ஒரு பெரிய வீட்டில். அந்த வீட்டின் தலைமைச் சமையல்காரர்தான் அதிபர். அடுப்பும் கரண்டியும் அவர் பொறுப்பு. உக்கிராண அறையின் சாவி மட்டும் வீட்டுப் பெரியவர்களிடம், அதாவது காங்கிரஸ் எனப்படும் நாடாளுமன்றத்திடம் இருக்கிறது. மற்ற வீடுகள் நட்பு நாடுகள்.

முதல் படி: எழுதி வைத்தது என்ன?

அந்தத் தெரு ஒப்பந்தத்தைப் போன்றதுதான் நேட்டோ எனும் கூட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தம். அது 1949 ஏப்ரல் 4 அன்று வாஷிங்டனில் கையெழுத்தானது. அப்போது 12 நாடுகள். 2023-ல் பின்லாந்தும் 2024-ல் சுவீடனும் சேர்ந்த பிறகு 32. அதிபர் கையெழுத்துப் போட்டால் மட்டும் ஓர் ஒப்பந்தம் அமெரிக்காவைக் கட்டுப்படுத்திவிடாது. காங்கிரஸின் மேலவையான செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். அதிபர் உட்ரோ வில்சன் முன்னின்று உருவாக்கிய சர்வதேச சங்கத்தில் அமெரிக்கா கடைசிவரை சேராமல் போனதற்குக் காரணம் 1919-லும் 1920-லும் செனட் ஒப்புதல் தர மறுத்ததுதான். அந்தப் பாடம் 1949-ல் அதிபராக இருந்த ட்ரூமனின் அரசுக்கு நினைவிருந்தது. எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியின் செனட்டர் வாண்டன்பெர்க்கை முதலிலேயே கலந்து பேசினார்கள். 1949 ஜூலையில் ஒப்பந்தம் 82-க்கு 13 என்ற கணக்கில் நிறைவேறியது.

இந்த ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஓர் உறுப்பு நாட்டின் மீதான தாக்குதல் எல்லா நாடுகளின் மீதான தாக்குதலாகக் கருதப்படும் என்று அது சொல்கிறது. ஆனால் ஒவ்வொரு நாடும் தான் தேவையென்று கருதும் நடவடிக்கையை எடுக்கும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அதாவது எல்லா வீடுகளும் வர வேண்டும். அரிசி கொண்டுவருவதா, விறகு கொண்டுவருவதா, ஆள் மட்டும் வருவதா என்பது அந்தந்த வீட்டின் முடிவு. ஆகவே இந்தப் பிரிவின் பலம் அதன் வாசகத்தில் மட்டும் இல்லை. பெரிய வீட்டில் அடுப்பு எரியும் என்ற நம்பிக்கையில்தான் பெரும்பகுதி இருக்கிறது. சமையல்காரர் பொது இடத்தில் பேசும் ஒவ்வொரு சொல்லையும் மற்ற வீடுகள் உன்னிப்பாகக் கவனிப்பது இதனால்தான். “பங்கு தராத நாட்டைக் காப்பாற்ற மாட்டேன்” என்ற பொருளில் 2024 பிப்ரவரியில் டிரம்ப் தேர்தல் கூட்டத்தில் பேசியபோது, அவர் பதவியில்கூட இல்லை. ஆனாலும் ஐரோப்பியத் தலைநகரங்கள் கலங்கின.

ஐந்தாவது பிரிவு இதுவரை ஒரே ஒரு முறைதான் பயன்படுத்தப்பட்டிருக்கிறது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு மறுநாள், அமெரிக்காவுக்காக. அந்த அக்டோபர் முதல் அடுத்த மே மாதம் வரை நேட்டோவின் கண்காணிப்பு விமானங்கள் அமெரிக்க வானில் காவல் சுற்றின. 13 நாடுகளைச் சேர்ந்த 830 பேர் அந்தப் பணியில் இருந்தார்கள். முதலில் வெள்ளம் புகுந்தது பெரிய வீட்டில்தான். “நாம்தான் எப்போதும் கொடுக்கிறோம்” என்று பேசுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

இரண்டாம் படி: கரண்டி பிடிப்பவரின் அதிகாரம்

அதிபரே படைகளின் தலைமைத் தளபதி. படையை எங்கே நிறுத்துவது என்று உத்தரவிடுவது அவர்தான். ஆனால் அதற்கும் வீட்டுக்குள் கேள்வி எழும். 1949-ல், ஒப்பந்தத்தால் ஐரோப்பாவுக்குப் பெரும் படை அனுப்ப வேண்டிவருமா என்று செனட் குழு கேட்டபோது, வெளியுறவு அமைச்சர் டீன் அச்சிசன் திட்டவட்டமாக இல்லை என்றார். அடுத்த ஆண்டு கொரியப் போர் மூண்டது. ஐரோப்பாவில் படையைக் கூட்டப்போவதாக ட்ரூமன் அறிவித்தார்.

செனட்டர் ராபர்ட் டாஃப்ட் கொதித்தெழுந்தார். காங்கிரஸைக் கேட்காமல் இதைச் செய்ய அதிபருக்கு அதிகாரம் இல்லை என்பது அவர் வாதம். மூன்று மாதம் நீண்ட அந்த விவாதத்தை ‘மாபெரும் விவாதம்’ என்றே வரலாற்றில் குறிப்பிடுகிறார்கள். நேட்டோ படைத் தலைவராகப் பொறுப்பேற்ற ஐசனோவர் ஐரோப்பிய நாடுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து காங்கிரஸ் உறுப்பினர்களிடம் நேரில் பேசினார். 1951 ஏப்ரலில் நான்கு டிவிஷன்களை அனுப்ப செனட் ஒப்புதல் தந்தது. அதற்கு மேல் அனுப்புவதானால் காங்கிரஸைக் கேட்க வேண்டும் என்றும் தீர்மானித்தது. அன்றிலிருந்து இன்றுவரை அமெரிக்கப் படை ஐரோப்பாவில் இருக்கிறது. அதிபருக்கு எரிச்சல் தந்த அந்த விவாதம்தான் அவருடைய கொள்கைக்கு ஆயுளையும் தந்தது.

மூன்றாம் படி: உக்கிராணச் சாவி

ஆண்டுதோறும் பாதுகாப்புச் செலவுக்கு அனுமதி தருவது காங்கிரஸ். கட்டுப்பாடு விதிக்க அதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

2020 ஜூலையில், ஜெர்மனியில் இருந்த சுமார் 36,000 அமெரிக்க வீரர்களில் ஏறத்தாழ 12,000 பேரை வெளியேற்றப்போவதாக டிரம்ப் அரசு அறிவித்தது. ஜெர்மனி பாதுகாப்புக்குப் போதிய பணம் செலவிடவில்லை என்பது அதிபர் சொன்ன காரணம். காங்கிரஸ் என்ன செய்தது? அந்த ஆண்டின் பாதுகாப்புச் சட்டத்தில், உரிய அறிக்கை தந்து 120 நாள் ஆகும் முன் ஜெர்மனியில் வீரர் எண்ணிக்கையை 34,500-க்குக் கீழே கொண்டுபோகக் கூடாது என்று எழுதியது. டிரம்ப் அந்தச் சட்டத்தை டிசம்பரில் திருப்பி அனுப்பினார். 2021 ஜனவரி 1 அன்று செனட் 81-க்கு 13 என்ற கணக்கில் அவர் மறுப்பைத் தள்ளியது. அவரது முதல் ஆட்சிக்காலத்தில் காங்கிரஸ் இப்படித் தள்ளிய ஒரே மறுப்பு அதுதான். அவரை எதிர்த்து வாக்களித்த செனட்டர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அவருடைய கட்சிக்காரர்களே. பிப்ரவரியில் புதிய அதிபர் பைடன் படைக்குறைப்புத் திட்டத்தை நிறுத்திவைத்தார்.

நான்காம் படி: மற்ற வீடுகளின் பங்கு

பங்குத் தகராறில் இரண்டு கணக்குகளைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். நேட்டோவுக்குப் பொதுவாக ஒரு நிதி உண்டு. அது சிறியது; 2024-ல் அதில் அமெரிக்காவின் பங்கு சுமார் 16 சதவீதம், ஜெர்மனியின் பங்கும் அதே அளவாக இருந்தது. சண்டை இதற்காக இல்லை. ஒவ்வொரு நாடும் தன் சொந்தப் படைக்குச் செலவிட வேண்டிய தொகைக்குத்தான் சண்டை. அது தெரு உண்டியலில் போடும் காசு இல்லை; வெள்ளம் வருமுன் அவரவர் வீட்டில் சேர்த்துவைக்க வேண்டிய அரிசி. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2 சதவீதம் என்ற இலக்கை 2014-ல் ஏற்றபோது அதை எட்டியிருந்தவை மூன்றே நாடுகள். ஆகவே அமெரிக்காவின் குறை நியாயமானது. ரஷ்யா உக்ரைனைத் தாக்கிய பிறகு நிலைமை மாறியது. 2025-ல் ஹேக் மாநாட்டில் 2035-க்குள் 5 சதவீதம் என்று இலக்கு உயர்ந்தது.

நட்பு நாடு என்றால் தலையாட்டும் நாடு என்றும் பொருள் இல்லை. 1966-ல் பிரான்ஸின் டி கால் நேட்டோவின் ஒருங்கிணைந்த படைத் தலைமையிலிருந்து விலகினார்; ஆனால் கூட்டணியில் தொடர்ந்தார். 2003 மார்ச் 1 அன்று, ஈராக்குக்குச் செல்லும் அமெரிக்கப் படைக்கு வழிவிட துருக்கி நாடாளுமன்றத்தில் தேவையான பெரும்பான்மை கிடைக்கவில்லை. ஆதரவு 264, எதிர்ப்பு 250, வாக்களிக்காதோர் 19. துருக்கிக் கரையருகே தளவாடங்களோடு காத்திருந்த கப்பல்கள் குவைத்துக்குத் திரும்ப வேண்டியிருந்தது. அதன் பிறகும் துருக்கி நேட்டோவில்தான் இருக்கிறது.

ஐந்தாம் படி: விலக முடியுமா?

ஒப்பந்தத்தில் சேர செனட் வேண்டும் என்று அரசமைப்புச் சட்டம் சொல்கிறது. விலக யார் வேண்டும் என்று அது சொல்லவில்லை. தைவானோடு 1954-ல் செய்த பாதுகாப்பு ஒப்பந்தத்தை அதிபர் ஜிம்மி கார்ட்டர் தனியாகவே முடிவுக்குக் கொண்டுவந்தார். செனட்டர் கோல்ட்வாட்டர் வழக்குப் போட்டார். 1979 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், யாருக்கு அதிகாரம் என்ற கேள்விக்கே தீர்ப்புச் சொல்லாமல் வழக்கைத் தள்ளியது. ஆனால் காங்கிரஸ் அதற்குள் தைவான் உறவுச் சட்டத்தை இயற்றி, தற்காப்பு ஆயுதம் தருவதற்கு வழிசெய்துவிட்டது. 2023 டிசம்பரில் கையெழுத்தான இன்னொரு சட்டம், செனட்டின் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோ காங்கிரஸின் சட்டமோ இல்லாமல் அதிபர் நேட்டோவிலிருந்து விலக முடியாது என்கிறது. அதை முன்னெடுத்தவர்கள் இரு கட்சிகளைச் சேர்ந்த செனட்டர்கள்: டிம் கெய்ன், மார்கோ ரூபியோ.

இதற்கு நேர்மாறான ஓர் உதாரணம் ஈரான் அணுசக்தி உடன்பாடு. 2015-ல் ஒபாமா அரசு பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி உள்ளிட்ட நாடுகளோடு சேர்ந்து அதைச் செய்தது. செனட்டின் ஒப்புதல் பெற்ற ஒப்பந்தமாக அது ஆகவில்லை. 2018-ல் டிரம்ப் ஒரே அறிவிப்பில் வெளியேறினார். கூட நின்ற நட்பு நாடுகள் கையைப் பிசைந்துகொண்டு நின்றன.

ஐந்து படிகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. விவாதத்தில் அடிபட்டு வந்த கொள்கை அதிபர்கள் மாறினாலும் நிற்கிறது. ஒருவர் தனியாக எடுத்த முடிவை அடுத்தவர் எளிதில் மாற்றிவிடுகிறார். ஆகவே சொந்த நாட்டு அதிபரின் வெளியுறவுக் கொள்கையைக் கேள்வி கேட்பது எதிரிக்குத் துணைபோவது என்ற குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை. அந்தக் கேள்விதான் நட்பு நாடுகளுக்குக் கிடைக்கும் உண்மையான உத்தரவாதம்.

அடுத்த முறை இப்படியொரு செய்தியைப் படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது வெறும் பேச்சா, கையெழுத்திட்ட உத்தரவா? இதற்குப் பணம் தர வேண்டியவர்கள் சம்மதித்தார்களா? அடுத்த அதிபர் வந்தால் இது நிற்குமா? இந்த மூன்றுக்கும் பதில் தேடிவிட்டு அதிபரைப் பாராட்டுங்கள், அல்லது எதிர்த்துப் பேசுங்கள்.