மூட்டுவலி ஜாமுவும் அட்ரீனல் சுரப்பியும்

இரண்டே நாளில் வலி போனால்

ஜோகூரில் மூட்டுவலிக்காரர்கள் பலருக்கு ஜாமு, மாஜுன் என்ற பாரம்பரிய மூலிகை மருந்துகள் புதிதல்ல. இரவுச் சந்தையிலும் கிடைக்கும், இணையத்திலும் கிடைக்கும். "எல்லாம் மூலிகைதான் அக்கா" என்று சொல்லித்தான் விற்கிறார்கள். பல வருட முழங்கால் வலி இரண்டே நாளில் பறந்துவிட்டால் சந்தேகப்படுங்கள். மூலிகைக்கு அவ்வளவு வேகம் கிடையாது. இப்படி விற்கப்படும் பொருள்களில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை மலேசிய சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது.

உள்ளே நடப்பது

மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி ஏசிடிஎச் என்ற ஹார்மோனை அனுப்பினால்தான், சிறுநீரகங்களின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் உடலின் சொந்த ஸ்டீராய்டான கார்டிசோலைச் சுரக்கும். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் பிட்யூட்டரி அனுப்புவதைக் குறைத்துவிடும். மாதக்கணக்கில் வேலையில்லாத அட்ரீனல் சுருங்கிப்போகும். வெளியிலிருந்து வந்த ஸ்டீராய்டாலோ முகம் உப்பும், தொடை மெலியும், தோல் தொட்டாலே கன்றும், சர்க்கரை ஏறும். பார்த்தால் கார்டிசோல் மிகுந்தவர் போலிருப்பார். இரத்தத்தில் அளந்தாலோ கார்டிசோல் அடிமட்டத்தில் இருக்கும். சொந்தச் சுரப்பு குறைந்துவிட்டது, டெக்ஸாமெத்தசோனோ அந்தச் சோதனையில் தெரியாது.

பெரிய ஆபத்து, மருந்தைத் திடீரென நிறுத்தும்போதுதான். சுருங்கிய அட்ரீனலால் உடனே கார்டிசோலைச் சுரக்க முடியாது. எழுந்தால் தலைசுற்றல், குமட்டல், தீராத களைப்பு, இரத்த அழுத்தச் சரிவு. ஒரு காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ சேர்ந்தால் உயிருக்கே உலை வைத்துவிடும்.

சினாக்தென் சோதனை

அட்ரீனல் வேலை செய்கிறதா என்பதற்கு, காலை கார்டிசோல் அளவே பலருக்கு விடை சொல்லிவிடும். அதில் தெளிவு கிடைக்காவிட்டால் சினாக்தென் சோதனை செய்வார்கள். முதலில் இரத்தம் எடுத்துவிட்டு, சினாக்தென் என்ற, ஏசிடிஎச் போன்ற செயற்கை மருந்தை 250 மைக்ரோகிராம் ஊசியாகப் போடுவார்கள். 30 நிமிடத்திலும் 60 நிமிடத்திலும் மறுபடி இரத்தம். கார்டிசோல் போதுமான அளவு உயர்ந்தால் அட்ரீனல் தூண்டுதலை ஏற்கிறது என்று பொருள். எல்லைக்கோடு ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும். பக்கத்து வீட்டுக்காரரின் ரிப்போர்ட்டோடு ஒப்பிடாதீர்கள். கருத்தடை மாத்திரை கார்டிசோல் அளவை உயர்த்திக் காட்டும், அதை முன்பே சொல்லிவிடுங்கள். சோதனைக்கு முன் எந்த மருந்தை எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும்.

ஜாமுவால் அல்லாமல், பிட்யூட்டரியே அண்மையில்தான் பழுதானது என்றால் அட்ரீனல் இன்னும் சுருங்கியிருக்காது. சினாக்தென் முடிவு சரியாகவே வந்து ஏமாற்றலாம். அப்போது இன்சுலின் சோதனை உண்டு. இன்சுலின் கொடுத்து இரத்தச் சர்க்கரையை லிட்டருக்கு 2.2 மில்லிமோலுக்கும் கீழே வேண்டுமென்றே இறக்கி, கார்டிசோலும் வளர்ச்சி ஹார்மோனும் எழுகின்றனவா என்று பார்ப்பார்கள். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், ஆனால் மருத்துவர் பக்கத்திலேயே இருப்பார். வலிப்பு, இதய நோய் உள்ளவர்களுக்கு இது ஆகாது.

கிளினிக்குக்குப் போகும்போது

நீண்ட நாள் சாப்பிட்ட ஜாமுவை நீங்களாகவே நிறுத்திவிட்டு வீட்டில் படுத்துக் கிடக்காதீர்கள். அருகிலுள்ள அரசு சுகாதார கிளினிக்குக்குப் போங்கள். தேவைப்பட்டால் ஜோகூர் பாரு சுல்தானா அமீனா போன்ற பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை கொடுத்து, அட்ரீனல் விழித்துக்கொள்ளும்வரை மெல்ல மெல்லக் குறைப்பார்கள். அதற்கு மாதங்கள் ஆகலாம்.

திட்டுவார்களோ என்று மறைக்காமல், அந்த ஜாமு பொட்டலத்தையும் கையோடு கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள்.