திண்ணைப் பட்டறை

திண்ணைப் பள்ளிக்கூடம் என்பது நம் முன்னோர்கள் கண்ட சிக்கனமான ஏற்பாடு. ஒரு திண்ணை, கொஞ்சம் மணல், ஒரு வாத்தியார், ஒரு பிரம்பு, இவ்வளவுதான் மூலதனம். அந்தப் பள்ளிக்கூடங்கள் மறைந்துவிட்டன. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னையிலாவது கோயமுத்தூரிலாவது சில தெருக்களின் வழியே நடந்து போனால், வேறொரு மாதிரித் திண்ணைப் பள்ளிக்கூடத்தை இன்றைக்கும் காணலாம்.

வாசலில் பழைய கோணிச்சாக்கு ஒன்று விரித்திருக்கும். அதன்மேல் ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கும். பக்கத்தில் பிஸ்கோத்துத் தகர டப்பாவில் நட்டுகளும் போல்ட்டுகளும் மண்ணெண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கும். கையெல்லாம் கறுப்பாக, முகத்தில் பாதியும் கறுப்பாக, ஒரு மனிதர் குந்தியிருப்பார். அவர் பாங்கி குமாஸ்தாவாக இருக்கலாம். கல்லூரி ஆசிரியராக இருக்கலாம். மெக்கானிக்காக மட்டும் இருக்கமாட்டார். வாசற்படியில் நின்றுகொண்டு அவருடைய மனைவி, "காப்பி ஆறிப் போகிறது" என்று மூன்றாம் தடவையாகச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

"இவருக்கு என்ன தலைவிதி? தெருக்கோடியில் பட்டறை இருக்கிறதே!" என்று நேயர்கள் கேட்கலாம். என் வீட்டிலும் அந்தக் கேள்வி எழுந்தது உண்டு. அதற்கு என்னால் இயன்ற பதிலே இந்தக் கட்டுரை.

பிரித்துப் பார்த்த பையன்

சுமார் நூறு வருஷங்களுக்கு முன்னால் கோயமுத்தூர் ஜில்லாவில் ஒரு கிராமத்துப் பையன், ஆங்கில அதிகாரி ஒருவர் 'ரட்ஜ்' மோட்டார் சைக்கிளில் வருவதைக் கண்டான். மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஓடும் அந்த வண்டி அவனுடைய மனத்தைக் கவர்ந்துவிட்டது. கோயமுத்தூருக்குப் போய் ஹோட்டலில் வேலை செய்து பணம் சேர்த்தான். முந்நூறு ரூபாய் கொடுத்து அந்த வண்டியை வாங்கினான். வாங்கியவன் அதில் ஏறி ஊர்வலம் போனானா? இல்லை. அக்கக்காகப் பிரித்தான், பிறகு பூட்டினான். அந்தப் பையனே பிற்காலத்தில் ஜி. டி. நாயுடு என்று தேசமெங்கும் பெயர் பெற்றவர். 1920-ம் வருஷத்தில் ஒரே ஒரு பஸ்ஸுடன் அவர் தொடங்கிய தொழில் எவ்வளவு தூரம் வளர்ந்தது என்பதை எல்லாரும் அறிவார்கள். அவ்வளவுக்கும் விதை, ஒரு வண்டியைப் பிரித்துப் பார்க்கத் துணிந்த அந்தப் பிடிவாதம்தான்.

மகாத்மா காந்தி யந்திரங்களுக்கே விரோதி என்று சிலர் எண்ணுகிறார்கள். 1929-ம் வருஷத்தில் அகில பாரத சர்க்கா சங்கத்தின் சார்பில், சிறந்ததொரு கைராட்டினத்தைச் செய்து தருபவருக்கு ஒரு லட்ச ரூபாய்ப் பரிசு அறிவிக்கப்பட்டது. அதற்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகளைப் படித்தால் அந்த எண்ணம் மாறிவிடும். ராட்டினத்தின் விலை 150 ரூபாய்க்கு மேற்படக் கூடாது. அவ்வப்போது பழுது பார்த்துவந்தால் இருபது வருஷம் உழைக்க வேண்டும். பழுது பார்க்கும் செலவு வருஷத்துக்கு அதன் விலையில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் போகக் கூடாது. குடியானவன் வீட்டிலேயே வைத்துப் பராமரிக்கக் கூடிய யந்திரத்தையே காந்திஜி வேண்டினார். யந்திரம் மனிதனுக்கு அடங்கி நிற்க வேண்டுமேயன்றி, மனிதன் யந்திரத்திடம் கைகட்டி நிற்கக் கூடாது.

திருவொற்றியூரில் பிறந்த வண்டி

நம் நாட்டு மோட்டார் சைக்கிள் பிரியர்களுக்குப் பாடப் புத்தகமாக விளங்கி வருவது 'புல்லட்'. ராயல் என்ஃபீல்டு என்ற அந்தப் பெயர் இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரைச் சேர்ந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்காக 800 வண்டிகளுக்கு உத்தரவு கொடுத்தது. அதையொட்டி 1955-ம் வருஷத்தில் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா கம்பெனி ஏற்பட்டது. முதலில் கப்பலில் வந்த பாகங்களைத் திருவொற்றியூரில் பூட்டினார்கள். சில வருஷங்களில் எல்லாப் பாகங்களையும் இங்கேயே செய்யத் தொடங்கினார்கள். 1967-ல் ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டது. திருவொற்றியூர் மூடப்படவில்லை. 1977-ல் இங்கே செய்த புல்லட்டுகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின. தாய்வீட்டில் அடுப்பு அணைந்த பிறகு, புக்ககத்துப் பெண் சீர் கொண்டு போனது போன்ற விந்தை அது!

இரும்பு வார்ப்பு எஞ்சின் கொண்ட அந்தப் பழைய வண்டிகளின் உற்பத்தி 2010-ம் வருஷத்தை ஒட்டி நின்றுபோயிற்று. ஆனால் பல வீடுகளில் அவை இன்னும் ஓடுகின்றன. வீட்டில் வைத்தே திறந்து பார்க்கக் கூடியவையாக இருப்பது அதற்கு ஒரு முக்கிய காரணம்.

ஒரு நட்டின் கதை

என் தகப்பனார் விட்டுப்போன புல்லட் ஒன்று என்னிடம் இருக்கிறது. அவர் காலமான பிறகு அதை ஒரு பட்டறையில் விட்டேன். அந்தப் பட்டறைக்காரர் சிலிண்டர் தலையின் நட்டு ஒன்றைக் கழற்றுவதற்குக் கைக்கு அகப்பட்ட ஸ்பேனரைப் போட்டார். ஸ்பேனர் நழுவியது, நட்டின் முனைகள் மழுங்கின. பிறகு உளியும் சுத்தியலும் வந்தன. கடைசியில் மரையே போய்விட்டது. "பழைய வண்டி ஸார், போட்டுவிட்டுப் புதிதாக வாங்கிவிடுங்கள்" என்று உபதேசமும் கிடைத்தது.

குற்றம் வண்டியினுடையது அல்ல என்பதைப் பின்னால் அறிந்துகொண்டேன். பழைய புல்லட்டுகளில் மில்லிமீட்டர் அளவுத் திருகுகளோடு பிரிட்டிஷ் அங்குல அளவுத் திருகுகளும் கலந்திருக்கின்றன. 1841-ல் விட்வொர்த் என்னும் ஆங்கிலேயர் வகுத்த மரையின் கோணம் 55 டிகிரி. மெட்ரிக் மரையின் கோணம் 60 டிகிரி. ஒன்றில் ஒன்றைத் திணித்தால் இரண்டும் கெடும். அதோடு, கால் அங்குலம் என்று பொறித்த விட்வொர்த் ஸ்பேனரின் வாய் கால் அங்குலம் இராது! அது போல்ட்டின் தடிமனைக் குறிப்பது. வாயின் அகலமோ சுமார் 13.3 மில்லிமீட்டர். 13-ம் நம்பர் ஸ்பேனர் அதில் ஏறாது. 14-ம் நம்பர் ஆடும். ஆடுகிற ஸ்பேனர்தான் நட்டுக்கு யமன்.

நாடு மெட்ரிக் அளவுக்கு மாறச் சட்டம் செய்தது 1956-ல். வண்டி மட்டும் இரண்டு பாஷையும் பேசிக்கொண்டிருந்தது. இதை என் தகப்பனார் அறிந்திருந்தார்; தகர டப்பாவில் அங்குல ஸ்பேனர்களைத் தனியாகத் துணியில் சுற்றி வைத்திருந்தார். நான்தான் அவரிடம் கேட்டுக்கொள்ளவில்லை. அந்தத் துணிமூட்டையைப் பிரித்துப் பார்த்த நாளிலிருந்து நானும் திண்ணையில் உட்கார ஆரம்பித்தேன்.

பட்டறைக்கு வேண்டியவை

அதிகம் வேண்டாம். வண்டிக்குப் பொருந்தும் ரிங் ஸ்பேனர்கள், பிளக் கழற்றும் பாக்ஸ் ஸ்பேனர், நல்ல திருப்புளி இரண்டு, குறடு, ஃபீலர் கேஜ், எண்ணெய்க் குப்பி, கந்தல் துணி, இவை போதும். மலிவான ஸ்பேனர் செட்டை வாங்காதீர்கள். அது மிஞ்சுகிற காசை நட்டுகள் திரும்ப வாங்கிவிடும். எல்லாவற்றிலும் முக்கியமானது ஒரு நோட்டுப் புத்தகம். எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில், என்ன செய்தோம் என்று எழுதி வைக்க வேண்டும். பிரிப்பதற்கு முன்னால் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டால், பூட்டும்போது 'இந்த வாஷர் எங்கிருந்து வந்தது?' என்று திகைக்க வேண்டியிராது.

மாதம் ஒரு முறை

வண்டி கிளம்பவில்லை என்றால் உடனே பிரிக்கத் தொடங்கக் கூடாது. பெட்ரோல், பொறி, அமுக்கம் இம்மூன்றையும் வரிசையாகப் பார்க்க வேண்டும். பெட்ரோல் காக்கைத் திறக்க மறந்துவிட்டு எஞ்சினைப் பிரித்த மகான்கள் நம்மிடையே உண்டு.

பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வைத்தியர் நாக்கைப் பார்ப்பது போன்றது அது. இளம் பழுப்பாக இருந்தால் எஞ்சின் சௌக்கியம். கரிப்புகை படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. எண்ணெய்ப் பசையாக இருந்தால் உள்ளே எண்ணெய் ஏறுகிறது. சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தால் காற்று மிகுந்து எஞ்சின் சூடேறுகிறது. ஒரு சின்னப் பீங்கான் துண்டு இவ்வளவையும் சொல்லிவிடுகிறது.

பழைய புல்லட்டில் பாயிண்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும். டாப்பெட்டுக்கு அளவுகோல் நம்முடைய விரல்களே. எஞ்சின் ஆறியிருக்கும்போது, பிஸ்டனை அமுக்க வீச்சின் உச்சியில் நிறுத்தி, புஷ் ராடை இரண்டு விரலால் திருப்பினால் அது தாராளமாகச் சுழல வேண்டும்; மேலும் கீழும் மட்டும் ஆடக் கூடாது. எண்ணெய் மட்டத்தை வண்டியை ஓட்டி நிறுத்தியவுடன் பார்க்க வேண்டும். பல நாள் நின்ற வண்டியில் எண்ணெய் கீழே இறங்கித் தங்கிவிடும். அப்போது அளந்து மேலும் ஊற்றுவது பெரிய தவறு. செயினைச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு அதிக இறுக்கமான இடத்தில் பார்க்க வேண்டும். ஏறக்குறைய ஓர் அங்குலம் ஆட்டம் இருக்கட்டும்.

தொடக் கூடாதவை

உற்சாகத்துக்கும் எல்லை உண்டு. சிலிண்டர் கடைவது, கிராங்க் பூட்டுவது ஆகியவை கடைசல் யந்திரமும் அனுபவமும் உள்ளவர்களின் வேலை. நல்ல மிஸ்திரி ஒருவரைத் தேடிப் பிடித்து, அவரிடம் பணிவாக உட்கார்ந்து பாருங்கள். மரியாதை கொடுத்தால் அவர் வித்தையையும் கொடுப்பார். மூடிய அறையில் எஞ்சினை ஓட்டாதீர்கள். அந்தப் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு வாசனையில்லாமல் கொல்லும். பெட்ரோலில் பாகங்களைக் கழுவாதீர்கள். பழைய பிரேக் கட்டைகளின் தூளை ஊதாதீர்கள். அதில் கல்நார் இருக்கக் கூடும். ஈரத் துணியால் துடைத்து எடுத்துவிட வேண்டும். பழைய எண்ணெயைச் சாக்கடையில் கொட்டுவது தேசத் துரோகத்துக்கு அடுத்தபடியானது.

பூட்டிய பெட்டி

2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்த பிறகு, புதிய வண்டிகளில் பெரும்பாலும் கார்பரேட்டர் போய், மின்னணுப் பெட்டியின் உத்தரவுப்படி பெட்ரோல் பீய்ச்சப்படுகிறது. புகை குறைந்தது, அது நன்மையே. ஆனால் அந்தப் பெட்டியின் பாஷையை அறிய அதற்கென்று உள்ள கருவி வேண்டும். கருவியும் விவரமும் விற்றவரிடம் மட்டுமே இருந்தால், பணம் கொடுத்து வாங்கியும் வண்டி முழுதும் நம்முடையது ஆகாது. இதனால்தான் 'பழுது பார்க்கும் உரிமை' என்ற பேச்சு உலகெங்கும் எழுந்திருக்கிறது. இந்திய அரசாங்கத்தின் நுகர்வோர் துறை 2022 ஜூலையில் இதற்கென ஒரு குழுவை நியமித்தது. அதன் கவனத்துக்கு உரியவற்றில் மோட்டார் வாகனங்களும் ஒன்று. அந்த வருஷம் டிசம்பரில் இணையவாசலும் திறக்கப்பட்டது. உரிமையைச் சர்க்கார் வாங்கித் தரலாம். அதை அனுபவிக்கும் கையை நாம்தான் பழக்கிக்கொள்ள வேண்டும். ஒரு தலைமுறை கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால், அடுத்த தலைமுறைக்குக் கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றாது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை என் பெண் வண்டியருகில் வந்து நின்றாள். பாயிண்டைத் தேய்த்து இடைவெளி பார்த்தது அவள்தான். "கிக்கரை மெதுவாக அழுத்து, கனக்கிற இடத்தில் டிகம்ப்ரெஷன் நெம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் தள்ளு, அம்மீட்டர் முள்ளைப் பார்" என்றேன். "அப்பா, முள் நடுவுக்கு வந்துவிட்டது!" என்றாள். நெம்பியை விட்டாள், கிக்கரை மேலே வரவிட்டு ஓங்கி ஓர் உதை உதைத்தாள். தாத்தாவின் வண்டி 'டுக், டுக்' என்று உயிர் பெற்றது.

காப்பி அன்றைக்கும் ஆறித்தான் போயிற்று. அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.