குண்டுக்குப் பலியான 'குச்சி'! வாயில் நுழையாத இத்தாலி பெயர்களைச் சொல்வது எப்படி?

இத்தாலி நாட்டின் மிலான் நகரம். 1995-ம் ஆண்டு மார்ச் 27-ந் தேதி. காலை எட்டரை மணி இருக்கும். பலேஸ்த்ரோ தெருவில் 20-ம் நம்பர் கட்டிடத்தின் வாசல் படியில் ஒருவர் ஏறிக்கொண்டிருந்தார். ஆபீசுக்குப் போகிற நேரம்.

டுமீல்! டுமீல்!

பின்னால் வந்த ஆசாமி துப்பாக்கியால் சுட்டான். ரத்த வெள்ளத்தில் சரிந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

செத்தவர் பெயர் மௌரீட்சியோ குச்சி. வயது 46.

குச்சியா? அடுப்பில் வைக்கிற குச்சியா? சிரிக்காதீர்கள். பணக்காரர்கள் தோளில் கைப்பையாகவும், இடுப்பில் பெல்ட்டாகவும், காலில் செருப்பாகவும் உலகம் சுற்றுகிறதே, அந்தக் 'குச்சி' குடும்பத்துப் பேரன்தான் இவர்!

ஆளின் பெயர்

இந்தப் பெயரைச் சொல்லச் சொன்னால் பலருக்கும் நாக்கு தடுமாறும். 'கூசி' என்பார் ஒருவர். 'குக்கி' என்பார் இன்னொருவர். தப்பாகச் சொல்லி மாட்டிக்கொள்வோமோ என்று வாயே திறக்காதவர்களும் உண்டு.

இவை பெரும்பாலும் கடை போட்டவரின் குடும்பப் பெயர்கள். நம்ம பக்கம் முதலாளி பெயரையே கடைக்கு வைக்கிற மாதிரிதான்.

குச்சியோ குச்சி என்பவர் லண்டன் சவாய் ஓட்டலில் வேலை பார்த்துவிட்டு, பிளாரன்ஸ் நகரில் 1921-ல் தோல் சாமான் கடை போட்டவர். மரியோ பிராடா 1913-ல் மிலானில் கடை திறந்தவர். ஜான்னி வெர்சாச்சே தெற்கு இத்தாலிக்காரர். தாயார் துணி தைத்துப் பிழைத்தவர். மகன் 1978-ல் மிலானில் சொந்தக் கம்பெனி தொடங்கினார்.

ஆள் பெயரை அந்த ஊர்க்காரர் கூப்பிடுகிற மாதிரி கூப்பிடுவதுதானே மரியாதை?

நாலே நாலு விதி

இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. இத்தாலி மொழியில் எழுத்தைப் பார்த்தால் உச்சரிப்பு தெரிந்துவிடும். ஏறக்குறைய தமிழ் மாதிரி. அதை இங்கிலீஷ் மாதிரி படிப்பதால்தான் வம்பு வருகிறது.

முதல் விதி: 'சி' என்ற எழுத்துக்குப் பின்னால் 'ஈ'யோ 'ஐ'யோ வந்தால் 'ச்ச'. 'பச்சை'யில் வருகிற அதே சத்தம். அதனால்தான் 'குச்சி'. முதல் எழுத்தை மட்டும் 'குரு' என்கிறபோது சொல்வது போல அழுத்திச் சொல்லணும். அவ்வளவுதான்.

இரண்டாவது விதி: 'சி'க்குப் பின்னால் 'எச்' ஒட்டிக்கொண்டால் சத்தம் 'க' ஆகிவிடும். இங்கேதான் நிறையப் பேர் விழுகிறார்கள். பிராங்கோ என்பவர் 1983-ல் தொடங்கிய கம்பெனியை 'மொஷினோ' என்கிறார்கள். அது 'மொஸ்கீனோ'. ரோமாபுரியில் பிறந்து, பாரீசில் தையல்கடை நடத்தி உலகப் புகழ் பெற்ற எல்சா அம்மையாரின் பெயரும் அப்படித்தான். 'ஷியாபரெல்லி' இல்லை, 'ஸ்கியாப்பரெல்லி'.

மூன்றாவது விதி: 'ஜி'யும் 'என்'னும் சேர்ந்து வந்தால் 'ஞ்ஞ'. 'அஞ்ஞானம்' என்கிறோமே, அதுதான். 1910-ல் தொடங்கிய கோட்டுத் துணி கம்பெனி ஒன்று உண்டு. 'ஜெக்னா' என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். சரியாகச் சொன்னால் 'ட்ஸேஞ்ஞா'. இங்கிலீஷில் இந்தச் சத்தத்துக்குத் தனி எழுத்தே கிடையாது. தமிழில் 'ஞ' இருக்கிறது. நமக்கு என்ன கஷ்டம்?

நாலாவது விதி: கடைசி எழுத்தை விழுங்கக்கூடாது. 'வெர்சேஸ்' இல்லை, 'வெர்சாச்சே'. 'டோல்ஸ்' இல்லை, 'தோல்ச்சே'. அந்தச் சொல்லுக்கு 'இனிப்பு' என்று அர்த்தம். ஆனாலும் அதுவும் ஆள் பெயர்தான். கூட்டாளி கப்பானாவுடன் சேர்ந்து 1985-ல் முதல் துணிவரிசையைக் காட்டிய தொமேனிக்கோ தோல்ச்சேயின் பெயர்!

ஆள் பெயர் இல்லாததும் உண்டு. 1966-ல் பிறந்த 'போத்தேகா வேனெத்தா' அப்படி. 'போத்தேகா' என்றால் பட்டறை. 'வேனெத்தா' என்பது வெனிஸ் நகரம் இருக்கும் பகுதியைக் குறிக்கும். ஆக, வெனிஸ் பக்கத்துப் பட்டறை. இவ்வளவு பெரிய பெயருக்கு உள்ளே இருப்பது அவ்வளவுதான்!

சினிமாவில் கேலி

உச்சரிப்பு தப்பினால் மானம் போகுமா? 1995-ல் வந்த 'ஷோகேர்ள்ஸ்' என்ற அமெரிக்கப் படத்தில் ஏழை நடனக்காரி ஒருத்தி தன் புது உடையை 'வெர்சேஸ்' என்று பெருமையாகச் சொல்லிக் கேலிக்கு ஆளாவாள். உடை நல்ல உடைதான். சொல்லத் தெரியவில்லை என்பதற்காகச் சிரிப்பு!

அந்தப் பெயருக்குச் சொந்தக்காரருக்கும் சாவு துப்பாக்கியால்தான் வந்தது. 1997 ஜூலை 15-ந் தேதி, அமெரிக்காவின் மயாமி பீச்சில் சொந்த வீட்டு வாசலிலேயே ஜான்னி வெர்சாச்சே சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஒன்றைச் சொல்லியாகணும். உச்சரிப்பு தப்பினால் எந்த ஊரிலும் தண்டனை கிடையாது. போலிச் சரக்கு வாங்கினால் உண்டு! இத்தாலியில் தெருவோரம் போலிப் பை வாங்குகிற ஆளுக்கே 7 ஆயிரம் யூரோ வரை அபராதம் போட சட்டத்தில் இடம் இருக்கிறது. 'குச்சி' என்று கணீரென்று சொல்லி போலியை வாங்கினால், உச்சரிப்பு காப்பாற்றாது.

பெயருக்கு வழக்கு

மறுபடி குச்சி குடும்பத்துக்கு வருவோம். கடை போட்டவரின் இன்னொரு பேரன் பாவ்லோ. குடும்பத்தோடு சண்டை போட்டுக்கொண்டு தன் பெயரிலேயே தனிச் சரக்கு விற்கக் கிளம்பினார். வழக்கு நியூயார்க் கோர்ட்டுக்குப் போனது. 1988-ல் தீர்ப்பு வந்தது. சரக்கை வடிவமைத்தவர் இன்னார் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் 'குச்சி' என்பதை வியாபாரப் பெயராக வைக்கக்கூடாது!

பெற்றவர்கள் கொடுத்த பெயர். அதை வைத்துக் கடை போட முடியாது. என்ன கொடுமை!

மௌரீட்சியோவும் 1993-ல் தன் பங்கை பஹ்ரைன் முதலீட்டுக் கம்பெனிக்கு விற்றுவிட்டார். இரண்டு வருஷத்தில் குண்டு பாய்ந்தது. கூலி ஆளை ஏவியவர் யார் தெரியுமா? முன்னாள் மனைவி பத்ரீட்சியா ரெஜ்ஜானி! 1998-ல் அவருக்கு 29 வருஷம் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அப்பீலில் அது 26 வருஷமாகக் குறைந்தது.

கம்பெனி கைமாறிவிட்டது. இன்று அது பிரெஞ்சு முதலாளிகள் கையில். அந்தக் குடும்பத்துக்கு மிஞ்சியது வெறும் பெயர் மட்டும்தான்.

அதையாவது சரியாகச் சொல்வோமே!